மேற்கத்தியத் தத்துவ வரலாறு: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

இளங்கலை முதலாண்டு மாணவர்களுக்கும், குடிமைப்பணித் தேர்வுக்குத் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்கும் பாடம் சொல்லி வருகிறேன். ஆண்டுதோறும் ஏறத்தாழ இதே சந்தேகங்கள் வருகின்றன. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

வரும்போது பெரும்பாலானோர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். பெயருக்கு நேரே ஒரு வரி. தேலீஸ்: நீர். பிளேட்டோ: வடிவங்கள். டெகார்ட்: நான் சிந்திக்கிறேன். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் பாடம் மிகக் கடினமாகிறது. ஒருவர் சொன்னதோடு, அதற்கு எதிராக யார் என்ன கேட்டார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். கீழே உள்ள பதில்களில் நான் அதையே செய்ய முயன்றிருக்கிறேன்.

தத்துவம், மெய்யியல், தத்துவஞானம்னு மாத்தி மாத்தி எழுதறாங்களே, எல்லாம் ஒண்ணுதானா?

பாடத்தின் பெயராக வரும்போது ஒன்றுதான். தமிழ்நாட்டில் 'தத்துவம்' வழக்கில் இருக்கிறது, இலங்கையில் 'மெய்யியல்'. அதேபோல் இங்கே தர்க்கவியல் என்பதை அங்கே அளவையியல் என்பார்கள். விடைத்தாளில் எதை எழுதினாலும் கடைசிவரை அதையே எழுதுங்கள். சைவ சித்தாந்த நூலில் 'தத்துவம்' என்று வந்தால் மட்டும் கவனம் தேவை. அங்கே அது முப்பத்தாறு தத்துவங்களில் ஒன்றைக் குறிக்கும்.

எல்லாப் புத்தகமும் ஏன் தேலீஸ்லயே ஆரம்பிக்குது? 'எல்லாம் நீர்'ங்கறது தப்புதானே?

தப்புதான். ஆனாலும் அவரிடமிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. உலகம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு அதுவரை தெய்வங்களின் பிறப்புக் கதைகள் பதிலாக இருந்தன. தேலீஸின் பதிலோ, சரியா தவறா என்று இன்னொருவர் சோதித்துப் பார்க்கக்கூடிய வடிவத்தில் இருந்தது. அவர் எழுதிய எதுவும் நம்மிடம் இல்லை. நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அரிஸ்டாட்டில் சொல்லித் தெரிந்தது. அவரும் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் பிந்தியவர்.

தேலீஸைவிட அவருக்கு அடுத்து வந்தவர்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறார்கள். அதே மிலெட்டஸ் நகரத்து அனாக்சிமாண்டர், நீர், நெருப்பு என்று பெயர் சொல்லக்கூடிய எதுவும் எல்லாவற்றுக்கும் மூலமாக இருக்க முடியாது என்றார். மூலம் எல்லையற்ற, குணம் குறிக்க முடியாத ஒன்று என்பது அவர் நிலை. அவருக்குப் பின் அனாக்சிமெனிஸ் காற்று என்றார். காற்று அடர்ந்தால் மேகம், நீர், மண் ஆகிறது, மெலிந்தால் நெருப்பாகிறது என்று ஒன்று இன்னொன்றாக மாறும் வழியையும் சொன்னார். ஒரே ஊரில் அடுத்தடுத்து வந்த மூவரும் ஒருவருக்கொருவர் மாறுபட்டார்கள். முன்னோர் சொன்னதைத் திருத்துவது அங்கே பிழையாகக் கருதப்படவில்லை. தத்துவ வரலாறு தொடங்குவது இந்த இடத்தில் என்பேன்.

சாக்ரடீஸ் ஒண்ணுமே எழுதலையாமே. அப்புறம் அவர் சொன்னதுன்னு எப்படிச் சொல்றாங்க?

மூன்று பேர் வழியாக. அவர் உயிரோடு இருந்தபோதே, கி.மு. 423-இல், அரிஸ்டோஃபனீஸ் ஒரு நகைச்சுவை நாடகத்தில் அவரைக் கேலி செய்தார். செனஃபோன், பிளேட்டோ இருவரும் அவரோடு பழகியவர்கள், அவரைப் பற்றி விரிவாக எழுதினார்கள். மூவரும் காட்டும் சாக்ரடீஸ் ஒரே ஆள்போல் இல்லை. பிளேட்டோவின் உரையாடல்களில் பேசும் சாக்ரடீஸ், எங்கே வரலாற்று மனிதர், எங்கே பிளேட்டோவின் வாய் என்பது இன்றும் தீராத வழக்கு. 'பிளேட்டோவின் சாக்ரடீஸ்' என்று எழுதப் பழகுங்கள்.

'எனக்கு எதுவும் தெரியாது என்பது மட்டுமே எனக்குத் தெரியும்' என்று அவர் சொன்னதாகச் சுற்றும் வரியை அப்படியே எழுதாதீர்கள். பிளேட்டோ தரும் நீதிமன்ற உரையில் வருவது வேறு. அறிஞர் என்று பேர் வாங்கிய ஒருவரிடம் பேசிவிட்டுத் திரும்பும் சாக்ரடீஸ், அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று நான் நினைத்துக்கொள்வதில்லை, அந்த அளவுக்கு நான் மேல் என்று எண்ணுகிறார். எதுவுமே தெரியாது என்று அவர் கைவிரிக்கவில்லை.

சும்மா கேள்வி கேட்டதுக்காக ஒரு மனுஷனைக் கொல்லுவாங்களா?

கி.மு. 399-இல் அவர் மேல் வைத்த குற்றச்சாட்டுகள்: நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வ விஷயங்களைப் புகுத்துகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார். அப்போது அவருக்கு வயது எழுபது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் தோற்றிருந்தது. தோல்விக்குப் பின் முப்பது பேர் கொண்ட கொடுங்குழு நகரத்தை ஆண்டது. அக்குழுவின் தலைவர்களில் ஒருவரான கிரிட்டியாஸ், முன்பு சாக்ரடீஸோடு பழகியவர். மக்களாட்சி திரும்பியபோது பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். ஆகவே பழைய அரசியலைக் குற்றமாக வைக்க முடியாது. மதக் குற்றச்சாட்டுக்குள் அந்தக் கோபம் இருந்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே தோன்றுகிறது.

முப்பது வாக்குகள் மாறி விழுந்திருந்தால் நான் தப்பியிருப்பேன் என்று சாக்ரடீஸே சொல்வதாகப் பிளேட்டோ எழுதுகிறார். என்ன தண்டனை வேண்டும் என்று கேட்டபோது, வெற்றிபெற்ற விளையாட்டு வீரர்களுக்குத் தருவதுபோல் எனக்கும் நகரச் செலவில் சாப்பாடு போடுங்கள் என்கிறார். பிறகுதான் அபராதம் கட்டச் சம்மதிக்கிறார். இந்த விவரங்களோடு படித்தால் அவர் உயிர்த்தியாகச் சிலையாக நிற்கமாட்டார். நடுவர்களைக் கோபப்படுத்தத் தயங்காத ஒரு மனிதர் தெரிவார்.

பிளேட்டோவோட 'வடிவங்கள்' எனக்குப் புரியவே இல்ல. அது நம்ம மனசுல இருக்கற கருத்துதானே?

இல்லை. சில தமிழ் நூல்கள் 'கருத்துகள்' என்று மொழிபெயர்த்ததால் வந்த குழப்பம் இது. கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுகிறேன். அது சரியான வட்டம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கவராயத்தால் போட்டாலும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கோணல் இருக்கும். சரியான வட்டத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றித் தேற்றங்களை நிறுவுகிறோம், அவை உண்மையாகவும் இருக்கின்றன. அப்படியானால் அந்தத் தேற்றங்கள் எதைப் பற்றியவை? பிளேட்டோவின் பதில்தான் வடிவம். வட்டத்துக்கு மட்டுமல்ல, நீதிக்கும் அழகுக்கும் அப்படி ஒன்று உண்டு என்கிறார். நாம் எல்லோரும் செத்துப்போனாலும் அது இருக்கும். ஆகவே அது மனத்துக்குள் இருப்பது அல்ல.

இந்தக் கொள்கைக்கு எதிரான மிகக் கூர்மையான கேள்விகளைப் பிளேட்டோவே எழுதியிருக்கிறார். 'பார்மெனிடீஸ்' உரையாடலில், முடிக்கும் சேற்றுக்கும் அழுக்குக்கும்கூட வடிவம் உண்டா என்று முதியவர் பார்மெனிடீஸ் கேட்க, இளம் சாக்ரடீஸ் தடுமாறுகிறார். வடிவங்கள் மனத்தில் உள்ள எண்ணங்களாக இருக்கலாமே என்ற யோசனையும் அங்கேயே வந்து, அங்கேயே மறுக்கப்படுகிறது. தன் கொள்கையின் ஓட்டைகளைத் தன் நூலிலேயே வெளியிட்டவர் என்பதற்காகவே பிளேட்டோவிடம் எனக்கு மரியாதை அதிகம்.

அரிஸ்டாட்டிலோட நாலு காரணமும் சைவ சித்தாந்தத்துல வர்ற மூணு காரணமும் ஒண்ணா சார்? ரெண்டுலயும் குடம், குயவன்தானே?

உதாரணம் ஒன்று, பிரிவு வேறு. சித்தாந்தத்தில் குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அரிஸ்டாட்டிலிடம் மண்ணுக்கும் குயவனுக்கும் இடம் உண்டு. திரிகைக்குத் தனி இடம் இல்லை. பதிலாக அவர் வேறு இரண்டைச் சேர்க்கிறார்: குடத்தின் வடிவம், அது எதற்காக என்ற நோக்கம். 'இது ஏன் இப்படி இருக்கிறது' என்ற கேள்விக்குத் தரக்கூடிய நான்குவகை விளக்கங்கள் என்று எடுத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

அந்த 'வடிவம்' எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிளேட்டோவின் பள்ளியில் இருபது ஆண்டுகள் இருந்தவர் அரிஸ்டாட்டில். முந்தைய பதிலில் பார்த்த வடிவங்களைப் பொருள்களுக்கு வெளியே தனியாக நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. குடத்தின் வடிவம் குடத்தில்தான் இருக்கிறது என்கிறார்.

அரிஸ்டாட்டில் முடிஞ்சதும் புத்தகம் நேரா டெகார்ட்டுக்குப் போயிடுது. நடுவுல ரெண்டாயிரம் வருஷம் எல்லாரும் தூங்கிட்டாங்களா?

அப்படி எழுதும் பாடநூல்கள் உங்களுக்குப் பெரிய தீங்கு செய்கின்றன. அந்த இடைவெளியில்தான், அறம் ஒன்றே நன்மை என்ற ஸ்டோயிக்குகள் இருக்கிறார்கள். அடிமையாக இருந்த எபிக்டீட்டஸும், ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸும் அதே மரபைப் பின்பற்றியவர்கள். இன்பமே வாழ்வின் நோக்கம் என்ற எபிக்யூரஸ் இருக்கிறார். இன்றைய அல்ஜீரிய மண்ணில் பிறந்த கிறித்தவச் சிந்தனையாளர் அகஸ்டின் இருக்கிறார்.

அரிஸ்டாட்டில் ஐரோப்பாவுக்குத் திரும்பிய பாதையையாவது தெரிந்துகொள்ளுங்கள். அவருடைய நூல்களில் பெரும்பகுதி மேற்கு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கிடைக்கவில்லை. பாக்தாதில் அவை அரபுக்குப் பெயர்க்கப்பட்டன. இப்னு சீனா அவற்றின் மேல் தன் சொந்தத் தத்துவத்தைக் கட்டினார். இமாம் கஸ்ஸாலி அந்தத் தத்துவவாதிகளைத் தாக்கி ஒரு நூல் எழுதினார். கோர்டோபா நகரத்து இப்னு ருஷ்து அதற்கு மறுப்பு நூல் எழுதினார். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் டொலேடோ போன்ற இடங்களில் இந்த நூல்கள் அரபிலிருந்து லத்தீனுக்குப் போயின. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் எழுதும்போது 'தத்துவவாதி' என்றாலே அரிஸ்டாட்டில், 'உரையாசிரியர்' என்றாலே இப்னு ருஷ்து. 'மேற்கத்திய' என்ற சொல்லின் எல்லை எங்கே என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் பதில். தேலீஸின் மிலெட்டஸ் இன்று துருக்கியில் இருக்கிறது.

'நான் சிந்திக்கிறேன், எனவே இருக்கிறேன்.' சரி. 'நான் நடக்கிறேன், எனவே இருக்கிறேன்'னு ஏன் சொல்லக்கூடாது?

சொந்தமாக யோசித்துக் கேட்டிருந்தால் பாராட்டுகள். டெகார்ட் உயிரோடு இருந்தபோதே காசெண்டி என்ற பாதிரியார், சிந்தனை என்ன, வேறு எந்தச் செயலிலிருந்தும் இதே முடிவுக்கு வரலாமே என்று கேட்டுவிட்டார். டெகார்ட் நடப்பதையே உதாரணமாக எடுத்துப் பதில் சொன்னார். நான் நடப்பதாகக் கனவு காணலாம். கனவில் கால்கள் நடக்கவில்லை, ஆகவே 'நடக்கிறேன்' என்பது பொய்யாகலாம். ஆனால் நடப்பதாக எனக்குத் தோன்றுகிறது என்பது பொய்யாக முடியாது. அந்தத் தோற்றமும் சிந்தனைதான். எல்லாவற்றையும் சந்தேகிக்கலாம், சந்தேகிப்பதைச் சந்தேகித்தாலும் அது சந்தேகமாகவே நிற்கும்.

'எனவே' என்ற சொல் 1637-இல் வந்த பிரெஞ்சு நூலில் உண்டு. 1641-இல் வந்த 'தியானங்கள்' நூலில் அந்த இடத்தில் அது இல்லை. 'நான் இருக்கிறேன்' என்பது, அதை நான் சொல்லும்போதும் எண்ணும்போதும் உண்மையாகவே இருக்கும் என்று மட்டும் வருகிறது.

மனசும் உடம்பும் வேற வேறன்னா, மனசு நெனச்சதும் கை எப்படித் தூக்குது?

இதை மிக நன்றாகக் கேட்டவர் பொஹீமிய இளவரசி எலிசபெத். குடும்பம் அரசை இழந்ததால் ஹாலந்தில் அகதியாக வாழ்ந்தவர். 1643 மே மாதம் டெகார்ட்டுக்குக் கடிதம் எழுதியபோது வயது 24. ஒரு பொருள் இன்னொன்றை நகர்த்த வேண்டுமானால் அதைத் தொட வேண்டும். தொடுவதற்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் உருவம் வேண்டும். ஆன்மாவுக்கு அந்த உருவமே இல்லை என்கிறீர்கள், பிறகு எப்படி அது உடலைத் தள்ளுகிறது? இதுதான் அவர் கேள்வி.

டெகார்ட், பாரம் ஒரு கல்லைக் கீழே இழுப்பதை ஒப்பிட்டுப் பதில் எழுதினார். எலிசபெத் ஏற்கவில்லை. உருவமற்ற ஒன்று உடலை நகர்த்தும் என்று ஒப்புவதைவிட, ஆன்மாவுக்கும் உருவம் உண்டு என்று ஒப்புவது எனக்கு எளிது என்று திருப்பி எழுதினார். அடுத்த கடிதத்தில் டெகார்ட், மனமும் உடலும் சேர்ந்திருப்பதைச் சிந்தித்து அறிய முடியாது, அன்றாட வாழ்வில்தான் உணர முடியும் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறார். கடித உரையாடல் டெகார்ட் இறக்கும்வரை நீடித்தது. 1644-இல் தன் நூல் ஒன்றை எலிசபெத்துக்கே காணிக்கையாக்கினார். 'தத்துவத்தில் பெண்கள் யாருமே இல்லையா' என்று கேட்பவர்களை இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன். பிறகு 1792-இல் பெண்களின் உரிமைகளுக்காக நூல் எழுதிய மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட், 1949-இல் 'இரண்டாம் பாலினம்' எழுதிய சிமோன் தெ பொவுவார். மற்றவர் கொள்கைக்குப் பதில் எழுதியதோடு நிற்காமல், பேசாமல் விடப்பட்ட கேள்விகளையே இவர்கள் எழுப்பினார்கள்.

டெகார்ட் பகுத்தறிவுவாதின்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் கடவுள் இருக்கார்னு நிரூபிக்கிறார்?

தமிழ்நாட்டு மாணவர்களுக்கே வரும் குழப்பம் இது, வருவதும் நியாயம். இங்கே பகுத்தறிவு என்றவுடன் பெரியாரின் இயக்கமும் கடவுள் மறுப்பும் நினைவுக்கு வரும். டெகார்ட், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் மூவரையும் குறிக்கும் சொல் வேறு பொருளில் வருகிறது: புலன்களின் உதவி இல்லாமல் அறிவால் மட்டுமே சில அடிப்படை உண்மைகளை அடையலாம் என்ற நிலை. கடவுள் நம்பிக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 'அறிவு முதல்வாதம்' என்று எழுதினால் குழப்பம் குறையும். எதிர்ப்பக்கம் 'அனுபவ முதல்வாதம்': லாக், பார்க்லி, ஹியூம். பார்க்லி ஒரு பிஷப்.

இரண்டு கட்சிகளாக அவர்கள் தங்களைப் பிரித்துக்கொள்ளவில்லை. பின்னால் வரலாறு எழுதியவர்கள் போட்ட கோடு அது.

காரண காரியம்னு ஒண்ணு இல்லன்னு ஹியூம் சொல்றாரே, அப்போ எல்லாமே காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா?

ஹியூம் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பழமொழியையே எடுத்துக்கொள்வோம். காக்கை உட்கார்ந்தது தற்செயல், காம்பு பழுத்ததுதான் காரணம் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் பழமொழிக்குப் பொருள் இருக்கிறது. அந்த வித்தியாசம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதே ஹியூமின் கேள்வி. கண்ணில் பட்டது முதலில் ஒன்று, அடுத்து ஒன்று, அவ்வளவுதான். ஒரு பந்து இன்னொரு பந்தை மோதுகிறது, இரண்டாவது ஓடுகிறது. நடுவில் 'ஓடியே தீரவேண்டும்' என்ற கட்டாயத்தை யாரும் பார்க்கவில்லை. பலமுறை பார்த்த பழக்கத்தால் மனம் அடுத்ததை எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பைத்தான் கட்டாயம் என்கிறோம்.

இதுவரை நடந்ததுபோல் இனியும் நடக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? 'இதுவரை அப்படித்தானே நடந்தது' என்றால், நிறுவ வேண்டியதையே ஆதாரமாகக் காட்டுகிறீர்கள். இந்த வட்டத்தை உடைத்துவிட்டேன் என்று யார் சொன்னாலும், விடையை வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

மேலே சொன்ன கஸ்ஸாலி, ஹியூமுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முன்பே பஞ்சையும் நெருப்பையும் வைத்து இதை ஒட்டிய வாதத்தைச் செய்தார். நெருப்புப் பட்டதும் பஞ்சு எரிவதைப் பார்க்கிறோம், நெருப்பால் எரிவதைப் பார்க்கவில்லை என்றார். ஆனால் அவர் போய்ச் சேரும் இடம் இறைவனின் ஆற்றல், ஹியூம் சேரும் இடம் மனித மனத்தின் பழக்கம்.

கான்ட் புரியணும்னா எத்தனை தடவை படிக்கணும்?

முதலில் ஹியூமைப் படிக்க வேண்டும். ஹியூமின் நினைவுதான் தன் தூக்கத்தைக் கலைத்தது என்று கான்ட் 1783-இல் எழுதினார். அவர் பதிலின் சாரம் இது: காரணம் என்ற கருத்தை அனுபவத்திலிருந்து எடுக்க முடியாது, ஹியூம் சொன்னது சரி. ஆனால் அந்தக் கருத்து இல்லாவிட்டால், இது முன், அது பின் என்று ஒழுங்குபட்ட அனுபவமே இருக்காது. ஆகவே அது அனுபவத்துக்கான நிபந்தனை. நிறக் கண்ணாடி போட்டவருக்கு எல்லாம் அந்த நிறத்தில் தெரிவதுபோல என்று பலர் சொல்லும் மூக்குக்கண்ணாடி உவமை தொடக்கத்துக்கு உதவும். ஆனால் இந்தக் கண்ணாடியைக் கழற்றிப் பார்க்க வழியில்லை என்பதை மறந்தால் உவமை கெடுக்கும்.

விலையும் உண்டு. நமக்குத் தோன்றும் விதத்தில்தான் பொருள்களை அறிகிறோம், அவை தம்மளவில் எப்படி இருக்கின்றன என்று அறிய முடியாது. கான்ட் காலத்து ஜெர்மன் தத்துவவாதி யாக்கோபி உடனே பிடித்துக்கொண்டார்: அந்தத் 'தம்மளவிலான பொருள்' இல்லாமல் கான்ட்டின் அமைப்புக்குள் நுழைய முடியவில்லை, அதை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கவும் முடியவில்லை. கான்ட்டுக்குப் பிறகு ஜெர்மனியில் எழுதப்பட்டதில் பெரும்பகுதியை இந்த ஒரு சிக்கலின் தொடர்ச்சியாகப் படிக்கலாம்.

ஹெகல்னா 'கருத்து, எதிர்க்கருத்து, இணைப்பு'. இது போதுமா?

போதாது, சரியும் இல்லை. அந்த மூன்று சொல் சூத்திரம், கான்ட்டுக்குப் பின் வந்த ஃபிக்டேயிடம் இருப்பது. ஹெகல் தன் முறைக்கு அதைப் பெயராக வைக்கவில்லை. ஒரு நிலையை அதன் சொந்தக் கணக்குப்படியே கடைசிவரை கொண்டுபோனால் அது தானே முறிந்து வேறொன்றாக மாறுகிறது என்பதுதான் அவர் காட்டுவது. வெளியிலிருந்து எதிர்க்கருத்தைக் கொண்டுவந்து மோதவிடுவது அல்ல.

இந்தியத் தத்துவத்தோட இவங்களுக்கு ஏதாவது தொடர்பு இருக்கா, இல்ல நாமளா சொல்லிக்கறதா?

ஆதாரம் உள்ள இடத்தில் மட்டும் பேசுவோம். மொகலாய இளவரசர் தாரா ஷுகோ 1657-இல் ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் ஆக்கினார். அதைப் பிரெஞ்சு அறிஞர் ஆங்க்கெத்தில் துபெரோன் லத்தீனில் பெயர்த்து 1801, 1802-இல் வெளியிட்டார். அந்த லத்தீன் நூலைத்தான் ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவர் வாழ்நாள் முழுக்கப் படித்தார். இது உறுதி. தோற்ற ஒற்றுமையை மட்டும் வைத்து 'இங்கிருந்து அங்கே போனது' என்று எழுதாதீர்கள்.

அரிஸ்டாட்டில் அடிமைமுறையை நியாயப்படுத்தினார், ஹைடெகர் நாஜிக் கட்சியில இருந்தார். இவங்களை ஏன் படிக்கணும்?

'அந்தக் காலம் அப்படி' என்று சொல்லி நான் நழுவமாட்டேன். அரிஸ்டாட்டில் தன் 'அரசியல்' நூலின் முதல் புத்தகத்திலேயே, அடிமைமுறை இயற்கைக்கு விரோதமானது, சட்டத்தால் மட்டுமே நிற்பது என்று சிலர் சொல்வதைக் குறிப்பிடுகிறார். எதிர்க்கருத்து அவருக்குத் தெரிந்திருந்தது. ஹியூம் கறுப்பின மக்களை இழிவுபடுத்தி எழுதிய அடிக்குறிப்பை ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஜேம்ஸ் பீட்டி 1770-இலேயே கண்டித்தார். 20-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவவாதியான ஹைடெகர் 1933-இல் கட்சியில் சேர்ந்து 1945 வரை உறுப்பினராக இருந்தார்.

படிக்கும்போது நீங்கள் சோதிக்க வேண்டியது, அந்தப் பகுதியை வெட்டியெடுத்தால் மீதி நிற்கிறதா என்பதை. ஹியூமின் அடிக்குறிப்பை நீக்கினாலும் காரணம் பற்றிய அவர் வாதத்தில் ஒரு படியும் அசையாது. அரிஸ்டாட்டிலிடம் அவ்வளவு எளிதில்லை. முழுமையான வாழ்வுக்கு ஓய்வு வேண்டும் என்கிறார். அந்த ஓய்வை யாருடைய உழைப்பு தருகிறது என்ற கேள்வி அவர் அறவியலுக்குள்ளேயே நுழைகிறது. ஹைடெகர் விஷயத்தில் ஆய்வாளர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள்.

சரி, எதை முதல்ல படிக்கட்டும்?

சாக்ரடீஸின் நீதிமன்ற உரை முதலில், ஒரே மாலையில் முடிக்கலாம். அடுத்து டெகார்ட்டின் 'தியானங்கள்'. பிறகு ஹியூமின் 1748-ஆம் ஆண்டு 'விசாரணை' நூலில் நான்காம், ஐந்தாம் பகுதிகள். கான்ட்டைத் தொட ஒரு வருடம் பொறுங்கள்.

'தியானங்கள்' வாங்கும்போது 'மறுப்புகளும் பதில்களும்' சேர்ந்த பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள். 1641-இல் நூல் முதலில் வெளிவந்தபோதே அவையும் சேர்ந்துதான் அச்சாயின. காசெண்டியின் கேள்வி அந்த மறுப்புகளில் ஐந்தாவது தொகுதியில் இருக்கிறது. எலிசபெத்தின் கடிதங்கள் அதில் இருக்காது. அவற்றைத் தனியாகத் தேடி எடுத்து, ஆறாவது தியானம் முடிந்த கையோடு படியுங்கள்.